கிளட்ச் மேல ஏன் கோபம்?

முதல்லயே சொல்லிடறேன், நான் படிச்சது பி.காம். ஸ்பானர் பிடிச்ச கை இல்லை, பேனா பிடிச்ச கை. அதுவும் அடுத்தவர் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் பேனா. ஆனாலும் போன வாரத்திலிருந்து ஒரு கிளட்ச் பிளேட் என் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

துவாரகாவில் எங்கள் செக்டார் பக்கம் இட்லி அரிசியும் தேங்காயும் விற்கும் நம்மூர்க் கடை ஒன்று இருக்கு. அங்கே சரக்கு இறக்க வருபவர் ஒரு பீகார்க்காரர். சொந்த டீசல் பிக்கப், 1.7 டன் ரகம், 2019-ல் வாங்கியது, ஹரியானா பதிவு. ரெண்டு வருஷத்தில் மூணாவது கிளட்ச் போயிடுச்சாம். மெக்கானிக் சொல்லியிருக்கார்: "கம்பெனி கிளட்ச் தாங்காது, ஹெவி செட் போட்டுடு." சாதாரண செட் கூலியோட 9,000. ஹெவி செட் 18,000. "போட்டுடலாமா சார்ஜி? பர்சனல் லோன் கிடைக்குமா?" என்று என்னிடம் கேட்கிறார்.

என்ன ஏத்தறீங்கன்னு கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார், மூணு டன்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருது. அந்த மெக்கானிக் விற்பது வேறு நோய்க்கான மருந்து. அமெரிக்காவில் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் இன்ஜினின் கம்ப்யூட்டரை நோண்டி டார்க்கை ஏற்றுவார்கள். பழைய கிளட்ச் அந்தப் புது டார்க்கைப் பிடிக்க முடியாமல் வழுக்கும். அங்கே பெரிய கிளட்ச் போடுவது நியாயம். நம்ம ஆள் இன்ஜினைத் தொடவே இல்லையே. அவருடைய பிளேட் தேய்வது நின்ற வண்டி நகரும் அந்தச் சில விநாடிகளில். இன்ஜின் சுற்றுது, சக்கரம் நிக்குது, நடுவில் பிளேட் உரசிக்கொண்டே ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருது. வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை ரெண்டு மடங்கானால், சம தரையிலேயே அந்த உரசலில் வரும் சூடும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நஜஃப்கர் ரோடு நெரிசலில் ஒரு நடைக்கு எத்தனை தடவை நின்று கிளம்பணும்னு ஒருநாள் எண்ணிப் பாருங்க. அதுவும் பாதி கிளட்சில் ஊர்ந்துகொண்டே.

ஹெவி செட் என்றால் பிரஷர் பிளேட்டின் பிடி கூடும். சரி. கூடவே பெடல் இறுகும், இடது முட்டி கெஞ்சும், ரிலீஸ் பேரிங்குக்கும் சுமை கூடும். பட்டை செராமிக் என்றால் சட்டென்று கவ்வும், ஊர்ந்து போகும்போது வண்டி உதறும், ஃப்ளைவீலும் தேயும். இதுவரை அடியைத் தானே வாங்கிக்கொண்ட கிளட்ச் இனிமேல் அதைக் கியர்பாக்ஸுக்கும் கிரவுன் பினியனுக்கும் தள்ளிவிடும். அவற்றின் விலையைக் காஷ்மீரி கேட் கடைகளில் விசாரித்துவிட்டு வாங்க, பேசலாம். மாயாபுரியில் பழசு தேடினாலும் சும்மா கிடைக்காது. எல்லாத்துக்கும் மேல, பிரேக் அதே பழைய பிரேக்தான். மூணு டன்னைக் கிளப்பிவிட்டால் போதுமா, நிறுத்த வேண்டாமா?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194, 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், மிகும் டன்னுக்கு 2,000 ரூபாய் என்கிறது. ஓட்டுபவர் மட்டுமில்லை, ஓட்ட வைப்பவரும் குற்றவாளி என்றுதான் எழுதியிருக்கு. நடைக்கு ஒரே வாடகை, ஏத்தறவரை ஏத்து என்று சொல்லும் வியாபாரி ஒருத்தர் அபராதம் கட்டி நான் பார்த்ததில்லை.

போகட்டும், கணக்குக்கு வருவோம், அதுதானே என் தொழில். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் போட்ட உத்தரவுப்படி தலைநகர வட்டாரத்தில் டீசல் வண்டிக்கு ஆயுள் 10 வருஷம். அதன் மேல் வழக்கு, தடை, திருத்தம் என்று 2025 வரை இழுத்தது. அது ஒரு பக்கம். காற்றுத் தர மேலாண்மை ஆணையம் 2025-ல், வெளி மாநிலப் பதிவு பிஎஸ்-4 சரக்கு வண்டிகள் டெல்லிக்குள் வர 2026 அக்டோபர் 31 வரைதான் அவகாசம் என்று எழுதியது. இவருடையது அந்த ரகமேதான். இப்படிப்பட்ட வண்டிக்கு 9,000 கூடுதல் முதலீடு, அதையும் பர்சனல் லோன் வட்டியில் வாங்கி! தேய்மானம் என்ற பாடத்தை முதல் வருஷத்திலேயே நடத்தினார்களே, எல்லாரும் தூங்கிட்டோமா?

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகணும். அவருடைய வண்டிக் கடன் எங்கள் கிளையில் இல்லை. ஆனால் அதே மாதிரி பத்துப் பன்னிரண்டு கோப்புகளில் என் கையெழுத்து இருக்கு. ஒரு நாளைக்கு இத்தனை நடை, நடைக்கு இவ்வளவு வாடகை, தவணை போக மிச்சம் இவ்வளவு என்று கட்டம் போட்டு நிரப்புவோம். அந்த வாடகைக்கு எத்தனை டன் ஏத்தணும் என்ற கட்டம் எங்கள் படிவத்தில் கிடையாது. நானும் ஒருநாளும் கேட்டதில்லை. 1.7 டன் மட்டும் ஏத்தினால் பாதிப் பேருக்குத் தவணையே கட்ட வராது. மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டே வந்தேன், கடைசியில் ஸ்பானர் என் பையிலும் கொஞ்சம் இருந்திருக்கு.

சாதாரண செட்டே போடுங்க, லோடைக் குறைங்க என்று அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். கடைக்குள் கடைசித் தேங்காய் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து, "குறைக்கறேன் சார்ஜி. தவணையை யார் குறைப்பாங்க?" என்று கேட்டார். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். முதல் கியரில் கிளம்பும்போது அந்தக் கருகின வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது.