ஐம்பது ஆண்டு நிறையாத வண்டிகள்

பழைய கேம்பர் வேனைக் காயலான் கடைக்கு அனுப்பிய குடும்பத்திடம் துக்கம் விசாரிக்க யாரும் போவதில்லை. எவ்வளவு கிடைத்தது என்பதுதான் முதல் கேள்வி. போனது மனிதரல்ல, வளர்த்த நாயும் அல்ல, இரும்பு. வருந்துபவரும் வருத்தத்தை விழுங்கிக்கொண்டு விலையைச் சொல்லி நகர்ந்துவிடுகிறார். வெளிப்படையாகச் சொல்லி அழ முடியாத, சமூகம் ஒப்புக்கொள்ளாத இத்தகைய துயருக்குக் கென்னத் டோக்கா 1989இல் தனியாக ஒரு பெயரே கொடுத்தார்: உரிமை மறுக்கப்பட்ட துயர்.

இதைப் பொருளாசை என்று தள்ளிவிடுவது எளிது. சமூக அறிவியல் படித்தவர்களே அப்படித் தள்ளுவதுதான் வியப்பு. வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில், ஒருவரின் 'தான்' என்பதற்குள் உடலையும் உறவையும் மட்டுமன்றி அவருடைய குதிரைகளையும் படகையும் சேர்த்தார். அவை அக்காலத்தின் வாகனங்கள். ஜேம்ஸைப் பின்பற்றி 1988இல் எழுதிய ரஸ்ஸல் பெல்க், உடைமையை விருப்பமின்றி இழப்பது 'தான்' குறைந்துபோவதாகவே உணரப்படும் என்று வாதிட்டார். திருட்டுக்கும் இயற்கைப் பேரிடருக்கும் ஆளானவர்களைச் சான்றாகக் காட்டினார். காரைவிடக் கேம்பர் வேனுக்கு இந்த வாதம் இன்னும் நன்றாகப் பொருந்தும். கார் ஓரிடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. வேனுக்குள்ளோ சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், மலைப்பாதையில் மழை விடும்வரை சீட்டாடுகிறார்கள். சக்கரம் வைத்த வீடு அது. வீடு இடிபட்டால் அழுவதை எவரும் கேலி செய்வதில்லை.

இந்திய மண்ணில் இந்த வழக்கம் புதியதன்று. துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வோக்ஸ்வாகன் வேன்களில் ஐரோப்பிய இளைஞர்கள் வந்த தரைவழி 1979க்குப் பின் அடைபட்டது. வேனில் வாழலாம் என்ற எண்ணம் மட்டும் அடைபடவில்லை. புனேயில் உருவான மெட்டடாரிலும், 1984இல் வந்து பின்னர் ஆம்னி எனப்பட்ட மாருதி வேனிலும் பின்னிருக்கையைக் கழற்றிப் பலகை அடித்து, அடுப்பு வைத்துப் பயணம் போனவர்கள் உண்டு. கூரையை உயர்த்திக் கட்டியவர்களும் உண்டு.

சட்டத்தின் கண்ணில் இவை எவை? தேசியத் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டியும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் விதித்ததை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2025 ஜூலை முதல் நாள், அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருளே இல்லை என்று டெல்லியில் ஆணை நடப்புக்கு வந்து, சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. மறுபக்கம், 2021ஆம் ஆண்டின் மத்திய விதிகள் முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு நிறைந்த வண்டியையே பாரம்பரிய வாகனம் என ஏற்கின்றன. ஜெர்மனியில் இதற்கு 30 ஆண்டு போதும், பிரிட்டனில் 40. டெல்லியில் 1992இல் பதிவான டீசல் மெட்டடார் இன்றைய கணக்கில் 2002இலேயே செத்துவிட்டது, மதிப்புக்குரியதாவது 2042இல். இடைப்பட்ட 40 ஆண்டு அது எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு விதியில் பதில் இல்லை. இருந்து கடந்தாலும் மூல வடிவம் மாறியிருக்கக் கூடாது என்கிறது விதி. கூரையை உயர்த்திக் கட்டிய வேன் அங்கேயே தோற்றுவிடும். எந்த மாற்றம் அதை வீடாக்கியதோ அதுவே அதன் குற்றம்.

டெல்லியின் நவம்பர் காற்றைச் சுவாசிக்கும் குழந்தைகளின் முன் நின்று பழைய டீசல் எஞ்சினுக்காக வாதாடுவது அறமாகாது. ஆண்டுக்கு ஒருமுறை மலைக்குப் போய்வரும் வேனையும் அன்றாடம் ஓடும் சரக்கு வண்டியையும் வயது என்ற ஒரே அளவுகோலால் அளப்பது பிழைதான். புகையை அளக்கக் கருவி இருக்க, பிறந்த தேதியை அளக்கிறார்கள். ஆனால் அந்த வழக்கில் வென்றாலும் வேன் ஒருநாள் போகத்தான் போகிறது. போகும் விதம் பற்றியும் பேச வேண்டும்.

இப்போது நடப்பது இதுதான். பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் வண்டியை ஒப்படைத்தால் சான்றிதழ் கிடைக்கும்; புதிய வண்டி வாங்குகையில் அதைக் காட்டிச் சலுகை பெறலாம். இழந்தவருக்கு அரசு சொல்லும் ஆறுதல், இன்னொன்றை வாங்கிக்கொள் என்பதே. பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அப்படிச் சொன்னால் ஊர் சும்மா விடாது. இரும்பு என்பதால் விடுகிறது.

அதே விதிகளின்படி, அடிச்சட்டத்தில் எண் பொறித்த பகுதியை வெட்டியெடுத்து 6 மாதம் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். கள்ளப் பதிவைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது. அந்தக் கெடு முடிந்ததும், எண்ணின் குறுக்கே அழுத்தமாக ஒரு வெட்டு இட்டு, கேட்கும் உரிமையாளரிடம் அத்துண்டைக் கொடுத்துவிடலாம். அரசுக்கு ஒரு கோடு போடும் செலவுதான். ஒப்படைப்பதற்கு முன் திரைச்சீலையையும் அடுப்பையும் பயணக் குறிப்பேட்டையும் நிதானமாக இறக்கிக்கொள்ள ஒரு நாள் அவகாசமும் வேண்டும். இப்போது பல நேரம், தெருவில் நிற்கும் வண்டியை இழுவை வாகனம் கொக்கி மாட்டித் தூக்கிச் செல்கையில், பாத்திரங்கள் உள்ளேயே உருண்டுகொண்டிருக்கின்றன.