பத்து நிமிடமும் பழைய சாட்டும்

பற்றீரியாவின் வளர்ச்சி வளையியை மாணவர் தாமே வரைந்து பெறவேண்டியதில்லை, அச்சிட்ட வளையியை விளங்கிக்கொண்டாற் போதும் என வாதிடும் ஒருசாரார் இன்று உளர். செயன்முறை வகுப்பிற்கு மூன்று மணித்தியாலமே உண்டு. 2022 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடி ஆய்வுகூடச் செலவுகளை உயர்த்திவிட்டது. பயிலாத கையிற் கிருமியைக் கொடுத்தல் ஆபத்தானது. அவர்தம் நியாயங்கள் இவையே. இவை எத்துணை வலிமையுடையன?

முதலாவது காலம். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்துச் சப்பலோ தீவின் உவர்ச்சேற்றிலிருந்து பெறப்பட்ட பற்றீரியா விப்ரியோ நத்ரியேஜென்ஸ் ஆகும். அது பத்து நிமிடத்திற்கும் குறைவான காலத்தில் இரட்டிக்கின்றது என ஈகன் என்பார் 1962 இல் வெளியிட்டார். 37 பாகை செல்சியசு வெப்பநிலையும், உப்பும் போசணையும் மிக்க ஊடகமும், இடையறாத காற்றூட்டமும் அதற்கு வேண்டும். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிக்கும் உயிரி ஒரு மணித்தியாலத்தில் 64 மடங்காகும். இருபது நிமிடம் எடுக்கும் எசரிக்கியா கோலியோ 8 மடங்கே ஆகும். மாணவர் ஆய்வுகூடத்தில் அவ்வேகம் முழுமையாகக் கைகூடாதெனினும், தயங்கும் அவத்தை முதல் நிலையான அவத்தை வரை ஒரு பிற்பகலிற் காணலாம். அவ்வுயிரி கிடைக்காதவிடத்து, எசரிக்கியா கோலியின் தீங்கற்ற குலவகையொன்றைக் காலையிலே தொடங்கினால் மாலைக்குள் வளையி கிடைத்துவிடும்.

இரண்டாவது செலவு. போசணைக் குழம்பு, கறியுப்பு, நிறமானி, குலுக்கும் நீர்த்தொட்டி ஆகியன இச்செயன்முறைக்குப் போதும். சிற்றளவான ஊடகத்தை வீட்டு அமுக்கச் சமையற்கலத்திலும் கிருமியழிக்கலாம். எனவே செலவு என்பது தடையன்று, சாட்டே ஆகும்.

மூன்றாவது ஆபத்து. இவ்வுயிரி வாந்திபேதிக் கிருமியின் இனத்தைச் சார்ந்ததாயினும் நோயாக்கியாகக் கருதப்படுவதன்று. மிகக் குறைந்த ஆபத்துடைய பிரிவிலேயே அது வைத்தெண்ணப்படுகின்றது. எனினும் கம்பி வளையத்தைச் சுடரிற் பழுக்கக் காய்ச்சுதல், வாயால் உறிஞ்சாமை, மேசையைத் தொற்றுநீக்கியால் துடைத்தல், எஞ்சிய வளர்ப்பை அமுக்க ஆவியில் அழித்தல் ஆகிய ஒழுக்கங்கள் இதற்கும் உரியன. மகாவலிக் கரையிலமைந்த பேராதனையிற் பயில்வோர், வளர்ப்பைக் கழுவுதொட்டியில் ஊற்றலாகாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டார். தீங்கற்ற உயிரியிற் பழகாத கையே, நாளை மருத்துவமனை ஆய்வுகூடத்தில் தீங்குள்ளதைத் தொடநேரும். ஆபத்தென அஞ்சுவோர் பயிற்சியைக் கூட்டுவதே முறை. அதனை ஒழிப்பது எவ்வாறு பாதுகாப்பாகும்?

இனி, அச்சிட்ட குறிப்பு எதைக் கற்பிக்கின்றது என்பதும் நோக்கற்பாலது. நீர் 100 பாகையிற் கொதிக்கும் என்பது குறிப்பு. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் அது ஏறத்தாழ 98 பாகையிலேயே கொதிக்கின்றது. கொதிநீரைத் தாங்கவல்ல வித்திகளை அழிக்க 121 பாகையும் அமுக்கமும் வேண்டும் என்பதை வெப்பமானியைக் கையிலெடுத்தவனே உணர்வான். வளர்ப்புகளைக் குளிர்சாதனப் பெட்டியிற் பேணுக என்பது மற்றொரு குறிப்பு. விப்ரியோ நத்ரியேஜென்ஸோ 4 பாகைக் குளிரில் விரைவில் வளருந்திறனை இழக்கின்றது. கிண்ணத்தில் வளர்த்ததை அறைவெப்பநிலையில் வைத்தலே நன்று. குறிப்பை நம்பியவனுக்கு மறுநாள் வளராத கிண்ணமே எஞ்சும். தவறு எங்கே நேர்ந்ததெனவும் அவன் அறியான். பத்து நிமிடம் பிந்தி அளவெடுத்தவனின் பிழையை அவனது வளையியே காட்டிக்கொடுக்கும். இத்தகைய ஆசிரியனை அச்சுத்தாளிற் காணமுடியாது.

இவ்விழப்பு எல்லோரையும் ஒருங்கே தாக்குவதன்று என்பதே இங்கு முதன்மையானது. வசதிமிக்க நகரப் பாடசாலையிலிருந்து வருபவர் கம்பி வளையத்தை முன்னரே பிடித்திருத்தல் கூடும். ஆய்வுகூடமற்ற தோட்டப் பாடசாலையிலிருந்தோ வன்னிக் கிராமத்திலிருந்தோ வரும் மாணவிக்குப் பல்கலைக்கழக மேசையே முதல் மேசை. அங்கும் அவள் கையிற் படியெடுத்த தாளையே கொடுப்பதாயின், பாடசாலையில் மறுக்கப்பட்டது பட்டத்தோடும் மறுக்கப்படுகின்றது. ஹந்தானையில் அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவனம் அவரைப் பயிர்களுக்குரிய றைசோபியத்தை ஆராய்ந்துள்ளது; அத்தகைய ஆய்வு மேசைகள் நாளை வேண்டிநிற்பது வளையியை ஒப்புவிக்கும் நாவையன்று, தூய வளர்ப்பைப் பேணும் கையை.

பத்து நிமிடத்தில் இரட்டிக்கும் உயிரி இருக்கையிலும் நேரமில்லை என்பார்க்கு, உண்மையிற் குறைந்திருப்பது நேரமன்று.