மாதச் சந்தா என்னும் தடை

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை சுமந்து ஜீவனம் நடத்தும் குடும்பங்கள் பலவற்றில் இருக்கும் ஒரே கைப்பேசி, விடியுமுன்னே தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடுகிறது. மகளின் கல்லூரி விண்ணப்பமும், தாயாரின் சாதிச் சான்றிதழ் மனுவும் இணையத்தின் வழியாகவே நடைபெற வேண்டுமென்று சர்க்காரே ஏற்பாடு செய்துவிட்ட இக்காலத்தில், வீட்டுக்கென ஓர் இணைப்பு இல்லாதவர்கள் இரவு வரை காத்திருக்க வேண்டும். இல்லையேல் இ-சேவை மையத்துக்கு நடக்க வேண்டும். 28 நாட்களுக்கு ஒருமுறை தீர்ந்துபோகும் ரீசார்ஜ், வருஷத்துக்கு 13 முறை வந்து அவர்களுடைய சம்பாத்தியத்தில் பங்கு கேட்கிறது.

பாரத்நெட் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பியைக் கொண்டு சேர்க்கும் பணி டான்ஃபிநெட் என்னும் அரசு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அது அவசியமான பணி என்பதில் ஐயமில்லை; ஆயினும் ஊராட்சி அலுவலகம் வரை வந்த கம்பி, மாதச் சந்தா கட்ட இயலாத குடிசைக்குள் தானாக நுழைவதில்லை. இந்த உண்மையை நம் ராஜ்யம் மின்சார விஷயத்தில் நன்றாகவே உணர்ந்திருக்கிறது. கம்பம் நட்டதோடு கடமை தீர்ந்ததென்று இராமல், 2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக அளித்து வருகிறது. 2011-இல் மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கிய அதே அரசு, அரசு கேபிளை மாதம் 70 ரூபாய்க்குத் தரவும் முன்வந்தது. ஒரு சாதனத்தின் பிரயோஜனம் மாதச் செலவைப் பொறுத்தது என்பதற்கு இவற்றைவிடப் பிரத்தியட்சமான சான்று வேண்டுமோ?

நம் காய்கறி லாரிகள் செல்லும் கேரளம், 2023 ஜூன் 5-ஆம் தேதி கே-ஃபோன் வலையமைப்பைத் தொடங்கி, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற லட்சியத்தை அறிவித்தது. முதற்கட்டத்துக்கு வகுத்த அளவோ 14,000 வீடுகளே. இருந்தாலும், இணையம் குடிமக்களின் உரிமை என்ற சித்தாந்தத்தை ஒரு மாநில அரசு ஏற்றுக்கொண்டது சிறிய காரியமன்று. அமெரிக்காவோ 2 கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு மாதம் 30 டாலர் வரை சந்தாவில் சலுகை தந்துவிட்டு, நிதி தீர்ந்ததும் 2024 ஜூனில் திட்டத்தையே மூடிவிட்டது. நிரந்தர வருவாயில் ஊன்றாத உதவி அநேக குடும்பங்களை நடுவழியில் கைவிடும்.

அந்த வருவாய் இங்கே இல்லாமலில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவிகிதம், இப்போது டிஜிட்டல் பாரத் நிதி எனப் பெயர் பெற்றிருக்கும் நிதிக்குப் போகிறது. சுமை தூக்குபவர் செய்யும் ரீசார்ஜிலிருந்தும் அதற்குப் பங்கு சேர்கிறது. அதன் பெரும்பகுதி கம்பி பதிக்கவும் கோபுரம் நிறுத்தவும் செலவாகிவரும் நிலையில், ஒரு பங்கையேனும் ஏழைகளின் சந்தாவுக்கென ஒதுக்குமாறு மத்திய அரசை மாநில அரசு வற்புறுத்த வேண்டும். அதற்குமுன், தன்னிடமுள்ள குடும்ப அட்டைப் பட்டியலையும், ஊர்தோறும் உள்ள கேபிள் ஆபரேட்டர்களையும் கொண்டு, அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே இந்த உதவியைத் தொடங்க வேண்டுமென்று நிதியமைச்சரைக் கேட்டுக்கொள்கிறோம்.