தூங்குமூஞ்சி

எஸ்சிடலோபிராம் மாத்திரையை 10 மில்லிகிராமிலிருந்து 20க்கு ஏற்றிய அன்று மருத்துவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. என் கணவரிடம் சொன்னார்: "சார், மேடத்த கொஞ்சம் பாத்துக்குங்க." அறுபது பிள்ளைகள் முன்னால் நின்று தினமும் அகப்பாடல் நடத்துகிறவள் நான். அந்த அறையில் யாரோ கூட்டிவந்த சிறுபிள்ளையாக உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் நாள் அடுப்பு மேடையில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. விடைத்தாள் திருத்தும் மையத்தில் ஒரே பத்தியை நான்கு முறை படித்தேன். ஓயாத கொட்டாவி, உலர்ந்த வாய், இரவில் தலையணை நனையும் அளவு வியர்வை. வீட்டில் மாமியார் நேரடியாகவே கேட்டார்: "பொம்பள ஏழு மணி வரைக்கும் படுத்துக் கெடந்தா வீடு வெளங்குமா?" கணவர் திட்டவில்லை. ஓட்டலில் இட்லி வாங்கி வந்தார். வாங்கி வந்ததை உறவினர் எல்லோரிடமும் சொன்னார்.

அது மார்கழி. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. எனக்கு உயிரான பாட்டு. ஆனால் அந்த மாதம்தான் கவனித்தேன், அதில் எத்தனை பெண்கள் தூங்கியதற்காகக் கேலி செய்யப்படுகிறார்கள் என்று. கும்பகர்ணன் தோற்றுப்போய்த் தன் தூக்கத்தை உனக்குக் கொடுத்துவிட்டானா என்று ஒருத்தியைக் கேட்கிறார்கள். ஆண்டாளிடம் அது தோழிகளின் செல்லக் கேலி. நம் வீடுகளில் செல்லம் போய்விட்டது, கும்பகர்ணன் மட்டும் மிஞ்சியிருக்கிறான். குறுந்தொகையில் ஊரே உறங்கத் தான் மட்டும் விழித்திருக்கும் தலைவியை இருபது வருடமாக உருகி உருகி நடத்தியிருக்கிறேன். தூங்காத பெண்ணுக்குப் பாட்டு, தூங்குகிறவளுக்கு வசை.

வசைக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தினேன். யாரையும் கேட்காமல், ஒரேயடியாக. மூன்றாம் நாள் தலைசுற்றல். கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் மின்சாரம் சுண்டியது. காரணமில்லாமல் அழுகை. "பாத்தியா, மாத்திரைக்கு அடிமையாயிட்ட" என்றார்கள். இப்படித் திடீரென்று நிறுத்தினால் உடம்பு இவ்வாறு தடுமாறும் என்பதும், அளவைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முதலிலேயே சொல்லியிருக்கலாமே? இந்த வகை மாத்திரை சிலருக்குத் தூக்கத்தைக் கூட்டும், சிலருக்குக் கெடுக்கும். அளவை ஏற்றும்போது பக்கவிளைவுகள் தலைதூக்கலாம். பலருக்கு ஓரிரு வாரத்தில் தணியும். பலன் தெரிய அதைவிட நாளாகும். அதாவது தொல்லை முன்னால் வரும், நிம்மதி பின்னால் வரும். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் போதும். தெரிந்த பக்கவிளைவுகளைச் சிகிச்சை பெறுபவருக்குச் சொல்ல வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது.

என் தோழியின் கணவரும் இதே மாத்திரைதான் சாப்பிடுகிறார். அவருக்கு மருத்துவர் தனியாக உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார்: தாம்பத்தியத்தில் நாட்டம் குறையலாம், பயப்படாதீர்கள், வேறு மருந்து இருக்கிறது. எனக்கும் குறைந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. நாற்பதைத் தாண்டிய பெண்ணிடம் குறைவதற்கு என்ன இருந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

இது நம் ஊரின் குற்றம் மட்டுமில்லை. தாயாகக்கூடிய வயதுப் பெண்களை மருந்துச் சோதனைகளின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்காதீர்கள் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1977இல் சொன்னது. 1993இல்தான் அதைக் கைவிட்டது. சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை 1992இல் அங்கே அனுமதி பெற்றது. பெண்ணுடம்பில் அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது, மறுநாள் காலையிலும் மயக்கம் நிற்கிறது என்று பெண்களுக்கான அளவைப் பாதியாக்கியது 2013இல். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் எத்தனை பெண்கள் காலையில் எழ முடியாமல் சோம்பேறிப் பட்டம் வாங்கியிருப்பார்கள்!

மாத்திரையைக் குப்பையில் போடு, யோகா பண்ணு, கோயிலுக்குப் போ என்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் தங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டாம். அந்த மாத்திரைதான் என்னைக் கிணற்றடியிலிருந்து திருப்பிக் கூட்டிவந்தது. என் சண்டை மாத்திரையோடு இல்லை.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் 15க்கு இறக்கி, மெல்ல ஏற்றினார். இரவு எட்டு மணிக்கே போட்டுவிடுங்கள், காலையில் தெளிவாக இருக்கும் என்றார். நல்ல யோசனைதான். எட்டு மணிக்குப் போட்டால் பத்து மணிக்குப் பாத்திரம் கழுவுவது யார்? வீட்டில் கேட்டேன். மூன்று நாள் யாரும் பேசவில்லை. நான்காம் நாள் மகன் கழுவினான், முணுமுணுத்துக்கொண்டே. முணுமுணுக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்பு, வகுப்பில் முதல் பெஞ்சில் தூங்கி விழுந்த ஒரு மாணவியை எழுப்பி, "கும்பகர்ணன் பேத்தியா நீ?" என்று கேட்டவள் நான். வகுப்பே சிரித்தது. அவள் பையில் என்ன மாத்திரை இருந்தது என்பது இந்த வருடம்தான் எனக்குத் தெரியவந்தது. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். எத்தனை மணிக்கும்மா மாத்திரை போடுறே என்றேன்.

"பதினொன்றரை ஆயிரும் மேம். வேலையெல்லாம் முடிச்சிட்டுத்தான்" என்றாள்.