நீண்ட சொல்லைக் கண்டு நடுங்குவதா?

ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை எங்கு பார்த்தாலும் தொழிற்சாலைகள். கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி என்று பலவும் இந்த வட்டாரத்தில் உருவாகின்றன. வெளியூர்களில் இருந்து வந்து, விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்கள் ஏராளம்.

நுட்பமான எந்திரத்துக்கு இவர்கள் அஞ்சுவது இல்லை. ஆனால் "ஸ்பெசிபிகேஷன்" என்ற ஒரு சொல்லைக் கண்டால் நாக்குத் தடுமாறுகிறது. நேர்முகத் தேர்வில், வேலை தெரிந்தவர் வாய் திறக்கத் தயங்குகிறார். வேலை தெரியாதவர் பேசியே ஜெயித்து விடுகிறார்!

இது அறிவுக் குறை அல்ல. சொல்லிக் கொடுத்த முறையில் உள்ள குறை.

துண்டு போடுங்கள்

முழுக் கரும்பை வாயில் போட முடியுமா? துண்டு போட்டுத்தானே தின்ன வேண்டும்! நீண்ட சொல்லும் அப்படித்தான். ஸ்பெ-சி-பி-கே-ஷன். ஐந்தே துண்டு.

இந்த வேலை தமிழருக்குப் புதிது அல்ல. தொல்காப்பியமே அசை பற்றிச் சொல்கிறது. பள்ளிப் பிள்ளைகள் திருக்குறளை நேர், நிரை என்று பிரித்து, தேமா, புளிமா என்று வாய்பாடு சொல்கிறார்கள். அதே கத்தி இங்கும் உதவும்.

ஒரு வேறுபாடு உண்டு. "மலர்" என்பது தமிழ் யாப்பில் ஒரே அசை. ஆங்கிலக் கணக்கில் ம-லர் என இரண்டு. ஒரு துண்டுக்கு ஓர் உயிர் ஒலி. அதுதான் அங்கே கணக்கு.

எங்கே அழுத்துவது?

தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் மாறுவது உண்டு. "ரெக்கார்டு" என்பதில் முன் துண்டை அழுத்தினால், பதிவு. பின் துண்டை அழுத்தினால், பதிவு செய்!

"ஷன்" என்று முடியும் சொற்களுக்கு எளிய வழி இருக்கிறது. அதற்கு முந்திய துண்டை அழுத்த வேண்டும். புரொடக்ஷனில் "டக்". இன்ஸ்பெக்ஷனில் "பெக்". ஸ்பெசிபிகேஷனில் "கே". டெலிவிஷன் போன்ற சில சொற்கள் மட்டும் விலக்கு. அதில் முதல் துண்டுக்கே அழுத்தம்.

மற்றச் சொற்களுக்கு அகராதி இருக்கிறது. டேனியல் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர், உச்சரிப்புக்கு என்றே ஓர் அகராதியை 1917-ல் வெளியிட்டார். இன்று பல அகராதிகளில், அழுத்த வேண்டிய துண்டுக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும். அந்தக் கோட்டைப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க எத்தனை நேரம் ஆகும்?

வெள்ளைக்காரரைப் போலப் பேச வேண்டியது இல்லை. கேட்பவருக்குப் புரிந்தால் போதும். பள்ளிகளும் ஐ.டி.ஐ.களும் சொல்லின் பொருளோடு அழுத்தத்தையும் கற்றுத் தரட்டும்.

எந்திரத்தைக் கழற்றி மாட்டத் தெரிந்த கைகளுக்குச் சொந்தக்காரர்கள் இவர்கள். ஒரு சொல்லைக் கழற்றி மாட்டுவது இவர்களுக்குப் பெரிய வேலையா?