மடை யார் கையில்?

பால்வெட்டு முடித்து, வாளியை இறக்கி வைத்துவிட்டு வந்த கீரிப்பாறைத் தொழிலாளத் தோழர் நம்மைக் கேட்டார்: "அண்ணே, சிக்னல் வேணும்னா மேட்டுக்கு ஏறணும். இந்த இண்டர்நெட்டு யாருக்குச் சொந்தம் அண்ணே?"

கேள்வி சிறிது. விடை சிறிதல்ல.

"யாருக்கும் சொந்தமல்ல, எல்லோருக்கும் பொது" என்பர் படித்த பெருமக்கள். ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. 1969இல் அமெரிக்காவில் நான்கு கணிப்பொறிகளை இணைத்தார்கள். மூன்று கலிபோர்னியாவில், ஒன்று யூட்டாவில். செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாக்கி அனுப்பினார்கள். ஒரு வழி அடைபட்டால் மறுவழி! தலைவாசல் என்று ஒன்று கிடையாது, வாசலில் நந்தியும் கிடையாது.

நாஞ்சில் நாட்டானுக்கு இதைப் புரியவைக்க மூச்சுமுட்டப் பேச வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் குளம் வைத்திருந்த நாடு இது. 1906இல் பேச்சிப்பாறை அணை எழுந்தது. விளைச்சல் பெருகியது, மறுக்கவில்லை. ஆனால் கடைமடைக்காரன் அன்று முதல் மதகைப் பார்க்கத் தொடங்கினான். வலைக்கும் அதே கதைதான்.

இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கு இணையம் திறந்தது. திறந்தது விதேஷ் சஞ்சார் நிகம். ஒரே வாசல், சர்க்கார் வாசல். 1998இல் தனியாருக்கு உரிமம் தந்தார்கள். 2002இல் அந்த நிறுவனத்தையே டாட்டா குழுமத்திடம் ஒப்படைத்தார்கள். அன்றைய வலை கோபுரம் போன்றது. சிறிய கம்பெனி பெரிய கம்பெனிக்குக் கப்பம் கட்டும், பெரியது உச்சியில் இருப்பவனுக்குக் கட்டும்.

இன்று கோபுரம் தட்டையாகிவிட்டது என்கிறார்கள். சமத்துவம் வந்துவிட்டதா? இல்லை தோழர்களே! கூகுளும் மெட்டாவும் கடலுக்கடியில் தாமே வடம் போடுகின்றன. தம் சரக்கை, இணைப்புத் தரும் கம்பெனிகளின் கட்டடத்துக்குள்ளேயே கிடங்கு போட்டு வைக்கின்றன. தரகன் போனான், ஜமீன்தார் வந்தான்!

2021 அக்டோபர் 4 நினைவிருக்கிறதா? பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. குண்டு விழவில்லை, புயல் வீசவில்லை. ஒரே கம்பெனிக்குள் பராமரிப்பு வேலையில் ஒரு தவறான கட்டளை, அவ்வளவுதான். ஒரு வழி அடைபட்டால் மறுவழி என்றார்களே, எங்கே அந்த மறுவழி? வழி இருந்தது. போய்ச் சேரவேண்டிய வீடு பூட்டிக் கிடந்தது!

இணைப்பு மிகுந்தவனிடமே புதிதாக வருபவனும் போய் ஒட்டிக்கொள்கிறான். 1999இல் பராபாசி, ஆல்பர்ட் என்ற இரு அறிஞர்கள் கணக்குப் போட்டுக் காட்டியது இது. உடனே, "பார்த்தீர்களா, இது வலையின் இயற்கை" என்று உபதேசிக்க ஒரு கூட்டம் புறப்படுகிறது. வருணத்தையும் இயற்கை என்றுதானே ஓதினார்கள்!

டில்லி செய்ததைப் பாருங்கள். நாட்டுக்குச் சொந்தமான பி.எஸ்.என்.எல்.லிலிருந்து 2020 ஜனவரியில் 78,000 பேருக்கு மேல் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். தனியார் நான்காம் தலைமுறைச் சேவையை விற்றுக் குவித்துப் பல ஆண்டுகள் ஆன பிறகு, 2025 செப்டம்பரில்தான் அதன் நாடளாவிய தொடக்கவிழா நடந்தது. காலைக் கட்டிவிட்டு ஓட்டப்பந்தயத்தில் நிறுத்தியவர்கள், "நொண்டி" என்று ஏளனமும் செய்கிறார்கள்!

12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை என்பது தமிழ்நாட்டின் திட்டம். நல்ல திட்டம். ஆனால் இழை ஊராட்சி அலுவலகத்தின் அலமாரியோடு நின்றுவிடக் கூடாது. அரசு ரப்பர் கழகத் தொழிலாளர் குடியிருப்புக்கு வரவேண்டும். இலங்கையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிவந்து இந்தக் காட்டை ரப்பர் தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். வடமும் ஒற்றையாக மலையேறி முடியக் கூடாது. ஒருபுறம் மரம் விழுந்து அறுந்தால் மறுபுறமிருந்து வரும்படி வளையமாக இழுக்கவேண்டும்.

குமரி மாவட்டத் தோழர்கள் இவ்வாரமே கையெழுத்துத் திரட்டத் தொடங்குக. முதல் கையெழுத்து அந்த மேட்டுக்கு ஏறும் தொழிலாளியினுடையதாக இருக்கட்டும்.