பேட்டரி குரங்கு

ஏற்காடு ஏரிக்கரையில் 3 வயசுப் பையனுக்கு ஒரு பேட்டரி குரங்கு வாங்கினேன். கிளியூர் அருவிக்குப் போகிற வழியெல்லாம் குரங்கு டமாரம் தட்டியது. பையன் சும்மா வேடிக்கை பார்த்தான். பொம்மையே எல்லாவற்றையும் செய்துவிட்டால் குழந்தைக்கு என்ன வேலை?

அருவிப் படிக்கட்டில் டமாரம் நின்றது. 'அப்பா, காசு!' என்று கையை நீட்டினான். பார்த்தால் பட்டன் பேட்டரி! எனக்கு உயிரே போய்விட்டது. விழுங்கித் தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடும் சார். அப்படி ஏதும் ஆனால் வாழைப்பழ வைத்தியமெல்லாம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

எனவே, சம்பளம் வாங்கிய கையோடு பொம்மைக் கடைக்குள் நுழையும் அப்பாக்களே! ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? 2021-லிருந்து கட்டாயம். பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ உண்டா? பத்து ரூபாய்க் காசு அளவில் எதுவும் கழன்று வருகிறதா? இழுத்துப் பாருங்கள், கடைக்காரர் முறைத்தாலும். மரக்கட்டை, பந்து, செப்புச் சாமான் போதும்.

குரங்கை மூட்டை கட்டிவிட்டேன். பையன் அதன் காலி அட்டைப்பெட்டியை பஸ்ஸாக்கி, சேலம் வரை 20 கொண்டை ஊசி வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான். நான் பயணி. மீதிச் சில்லறை கேட்டேன்.

'இறங்கும்போது வாங்கிக்கோ' என்றான்!